கம்பெனிக்கும் ஓட்டா? ஊராட்சித் தேர்தல் முறைகளைத் தோட்டப்புற ஊரில் வைத்துப் பார்த்தால்

ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி மனு எழுத உட்காரும் கூட்டங்களில், மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில், ஒரு கேள்வி தவறாமல் எழும். "சுக்காய் பிந்து (ஊராட்சி மதிப்பீட்டு வரி) கட்டுவது கடை. குப்பை லாரி வராவிட்டால் நாறுவதும் கடை வாசல்தான். ஆனால் கடை முதலாளி ஈப்போவில் குடியிருந்தால் இங்கே அவருக்கு ஓட்டு கிடையாது. கம்பெனி பெயரில் ஓர் ஓட்டு கொடுத்தால் என்ன கெட்டுப்போகும்?"

நியாயமான கேள்விதான். உலகில் சில நகரங்களில் அப்படிக் கொடுத்தும் இருக்கிறார்கள். அந்த முறைகளை ஒரு தோட்டம், ஓர் ஆலை, இரண்டு மூன்று தாமான் (வீடமைப்புப் பகுதி), ஒரு கடைத்தெரு உள்ள ஊரில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், வரும் விடை கடைக்காரர் நினைப்பதற்கு நேர் எதிராக இருக்கிறது. தோட்டப்புறத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரர், வேலை கொடுப்பவர், வரி கட்டுபவர் என்ற மூன்றும் ஒரே கம்பெனிதான். நிலத்தை எண்ணினாலும் தொழிலாளியை எண்ணினாலும் கம்பெனியை எண்ணினாலும் ஓட்டு அந்த ஒரே கைக்குத்தான் போகும்.

இப்போதைக்கு இந்த நாட்டில் யாருக்குமே ஊராட்சி ஓட்டு இல்லை. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் தொடங்கிய நகராட்சித் தேர்தல், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் நிறுத்திவைக்கப்பட்டது. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிதான் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆனால் 1976-இல் வந்த ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, தன் 15-ஆம் பிரிவில் தேர்தல் விதிகள் எல்லாவற்றையும் செல்லாதவை ஆக்கிவிட்டது. பினாங்கு 2012-இல் தனிச்சட்டம் இயற்றிப் பார்த்தது; 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. 2018-இல் ஆட்சி மாறியபோது மீண்டும் பேச்சு எழுந்து, அந்த வருடக் கடைசிக்குள் அடங்கிவிட்டது. சுங்கை சிப்புட்டுக்கு உறுப்பினர்கள் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில்தான். அவர்களை மாநில அரசு நியமிக்கிறது.

வரி கட்டுபவனுக்கே ஓட்டு என்ற வாதமும் இங்கே புதிதல்ல. காலனிக்கால பினாங்கில், 19-ஆம் நூற்றாண்டிலேயே, வரி செலுத்துவோர் மட்டும் ஓட்டுப் போட்டு நகராட்சி ஆணையர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1913-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

சட்டம் யாரை 'ஆள்' என்கிறது

2016-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி, பதிவான கம்பெனி அதன் பங்குதாரர்களிலிருந்து வேறான ஒரு தனி ஆள். சொத்து வாங்கலாம், கடன்படலாம், வழக்குப் போடலாம். பங்குதாரர் இறந்தாலும் அது இருக்கும். 1896-இல் இங்கிலாந்தில் சாலமன் வழக்கில் உறுதியான கொள்கை இது. சட்டம் இப்படி ஆளாக ஏற்றுக்கொள்வது கம்பெனியை மட்டுமல்ல. இந்தியாவில் கோயில் தெய்வமே சட்டப்படி ஆள்தான். தெய்வத்தின் பெயரில் நிலம் இருக்கும், வழக்கும் நடக்கும். 1925-இல், அன்றைய மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலே இதை ஒப்புக்கொண்டது. அதற்காக வாக்குச்சாவடியில் யாரும் முருகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

ஓட்டுக்கு வேண்டியது வேறு. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தலுக்குக் கூட்டரசு அரசமைப்பின் 119-ஆம் விதி கேட்பது மூன்று: குடியுரிமை, 18 வயது, அந்தத் தொகுதியில் குடியிருப்பு. கம்பெனிக்கு வயது உண்டு, முகவரி உண்டு, குடியுரிமை கிடையாது.

கடைத்தெருவில் பலர் கவனிக்காத ஒரு வேறுபாடும் உண்டு. பெயர்ப்பலகையில் 'எண்டர்பிரைஸ்' என்றோ 'டிரேடிங்' என்றோ போட்டிருக்கும் மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை, பூக்கடை எல்லாம் 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்கீழ் வருபவை. சொந்தப் பெயரில் நடத்தினால் வருடத்துக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் நடத்தினால் 60 ரிங்கிட் பதிவுக் கட்டணம். இவை தனி ஆள் அல்ல. கடையும் முதலாளியும் ஒன்றே. 'செண்டிரியான் பெர்ஹாட்' என்று முடிவதுதான் கம்பெனி. எனவே 'கம்பெனிக்கு ஓட்டு' என்று மனுவில் எழுதினால், அந்தக் கோரிக்கையை எழுப்பிய கடைக்காரர்களில் பெரும்பாலோர் அதற்குள் வரவே மாட்டார்கள்.

சங்கங்களின் நிலையும் அதுவே. கோயில் நிர்வாகக் குழு, இளைஞர் மணிமன்றம், தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கம் எதுவும் கம்பெனி அல்ல. இதற்கிடையில், லயத்திலேயே (தோட்டத் தொழிலாளர் வரிசைவீடு) பிறந்து வளர்ந்து, குடியுரிமை இல்லாமல் இன்னும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பாட்டிக்கு எந்தத் தேர்தலிலும் ஓட்டு இல்லை; போன வாரம் எஸ்.எஸ்.எம்-மில் (கம்பெனிகளைப் பதியும் ஆணையம்) பதிவான கம்பெனிக்கு இருக்கும். கம்பெனி ஓட்டை ஆதரிப்பவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான்.

இனி வரும் கணக்குகளுக்கு ஒரு கற்பனை வட்டாரத்தை வைத்துக்கொள்வோம். ஓட்டுரிமை உள்ள குடியிருப்பாளர் 2,400 பேர். ஊராட்சித் தேர்தலில் பாதிப் பேர் வந்தால் 1,200 ஓட்டு. கடைத்தெருவில் 70 கடை; அதில் 52 எண்டர்பிரைஸ், 18 செண்டிரியான் பெர்ஹாட். ஊரை ஒட்டி 1,500 ஹெக்டர் செம்பனைத் தோட்டம். தோட்டக் குழுமத்துக்கு ஆறு கம்பெனி: நிலத்துக்கு ஒன்று, ஆலைக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு, லாரிக்கு, ஆள் ஒப்பந்தத்துக்கு, வீடமைப்புக்கு ஒவ்வொன்று. வேலையாட்கள் 320; அவர்களில் 250 பேர் வெளிநாட்டவர்.

கம்பெனிக்குத் தலைக்கு ஒன்று அல்லது இரண்டு

எளிமையாகத் தெரிவது இதுதான்; முதலில் பாழாவதும் இதுதான். அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தில் சில சிற்றூர்கள், சொத்து வைத்திருக்கும் கம்பெனிகளை ஊர்த் தேர்தலில் ஓட்டுப் போட விட்டன. அங்கே நியுவார்க் நகரத்தில் 2018-இல் நடந்த ஒரு வாக்கெடுப்பில், ஒரே ஆள் தாம் நிர்வகித்த 31 கம்பெனிகளின் பெயரில் 31 ஓட்டுப் போட்டார். விதியை அவர் மீறவில்லை. விதியே அப்படி இருந்தது. பிறகு நகராட்சி விதியை மாற்றிக்கொண்டது. 2023-இல் அதே மாநிலத்தின் சீஃபோர்டு என்ற சிற்றூர் கம்பெனிகளுக்கு ஓட்டுக் கொடுக்க முயன்றது. ஊர் மன்றத்தில் ஓட்டு சரிசமமாகப் பிரிய, மேயரின் ஓட்டால் தீர்மானம் நிறைவேறியது. மாநிலக் கீழவை ஏற்றது, மேலவையைத் தாண்டவில்லை.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகராட்சி இன்னும் தாராளம். அங்கே சொத்து வைத்திருக்கும் அல்லது இடம் பிடித்திருக்கும் கம்பெனி இரண்டு பேரை வாக்காளராக நியமிக்க வேண்டும். நியமிக்காமல் விட்டால், நகராட்சியே கம்பெனியின் செயலாளர், இயக்குநர் பெயர்களிலிருந்து அகரவரிசைப்படி எடுத்துப் பட்டியலில் சேர்த்துவிடும். சிட்னியும் 2014-இல் இதே இரட்டை ஓட்டைக் கட்டாயமாக்கி, 2023-இல் கைவிட்டது. யார் எந்த மாடியில் வாடகைக்கு இருக்கிறார், எந்தக் கம்பெனி மூடிவிட்டது என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் பதிவேடு தயாரிப்பது நகராட்சியின் தலையில் விழுந்த வேலை. எங்கள் பக்கத்து மாவட்ட மன்றங்களில் வரி பாக்கிப் பட்டியலே சரியாக இருப்பது அபூர்வம். இந்தப் பதிவேட்டை அவர்கள் தயாரிக்கப் போகும் அழகை நினைத்துப் பாருங்கள்.

நம் கற்பனை வட்டாரத்தில் கம்பெனிக்கு ஒன்று என்றால் கடைத்தெருவுக்கு 18, தோட்டக் குழுமத்துக்கு 6. இரண்டு என்றால் 36-ம் 12-ம். பார்வைக்குச் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் கம்பெனி பிறக்கக் கூடியது. எஸ்.எஸ்.எம்-மில் ஒரு கம்பெனி பதிய 1,000 ரிங்கிட் கட்டணம். ஒரே ஆள் இயக்குநராகவும் ஒரே பங்குதாரராகவும் இருக்கலாம். அதற்குமேல் கம்பெனிச் செயலாளர் கட்டணம், வருடாந்தரக் கணக்கு. ஓட்டின் விலை அவ்வளவுதான்.

வட்டாரத்தில் இடம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டாலும் தடுக்க முடியாது. ஒரு கடைவீட்டின் மாடியைப் பலகை அடித்துப் பன்னிரண்டு அறையாக்கி, பன்னிரண்டு வாடகை ஒப்பந்தம் முத்திரையிட்டால் பன்னிரண்டு 'இடம்' தயார். வீடமைப்புக் கம்பெனிகள் எப்படியும் திட்டத்துக்கு ஒன்றாகத் தனிக் கம்பெனி தொடங்குகிறவை. அவர்களுக்கு இது கூடுதல் செலவுகூட இல்லை. 1,200 பேர் ஓட்டுப் போடும் தேர்தலில் நாற்பது ஓட்டு வித்தியாசம் சாதாரணம். நாற்பது கம்பெனிக்குப் பதிவுக் கட்டணம் 40,000 ரிங்கிட். விற்காத கடைவரிசை கையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு, நில மாற்றத்துக்குக் கைதூக்கும் ஓர் உறுப்பினரின் மதிப்பு இதைவிடப் பல மடங்கு.

ஒரே தடுப்பு, கம்பெனியை விட்டு அதன் பின்னால் இருக்கும் உண்மை உரிமையாளரை எண்ணுவது. 2024 ஏப்ரல் முதல் மலேசியக் கம்பெனிகள் தம் பயனுரிமையாளர் யார் என்று எஸ்.எஸ்.எம்-முக்குத் தெரிவிக்க வேண்டும். பங்கில் 20 விழுக்காடு முக்கிய அளவுகோல். 'ஓர் உரிமையாளருக்கு ஓர் ஓட்டு' என்று விதி எழுதலாம். ஆனால் அதுவரை போய்விட்டால் அது கம்பெனி ஓட்டு இல்லை. வெளியூர் மனிதரின் ஓட்டு. அதை நேராகவே கொடுத்துவிடலாமே. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் அப்படித்தான்: அந்த ஊரில் குடியில்லாவிட்டாலும், சொத்து வைத்திருப்பவருக்கோ வாடகைக்கு எடுத்திருப்பவருக்கோ ஓர் ஓட்டு உண்டு. எத்தனை சொத்து இருந்தாலும் ஓர் ஊருக்கு ஒன்றுதான். கம்பெனிக்குக் கிடையாது.

ஈப்போவில் குடியிருக்கும் கடைக்காரரின் குறைக்கு இதுதான் பொருத்தமான மருந்து. ஒரு பத்திரத்தில் பத்துப் பெயர் இருக்கும் பரம்பரை நிலங்கள் நம் ஊர்களில் உண்டு என்பதால், 'ஒரு பத்திரத்துக்கு அதிகபட்சம் இரண்டு பெயர், ஒரு வருடமாவது உரிமை' என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வேலையாட்களின் எண்ணிக்கைப்படி

கம்பெனி ஓட்டை ஆதரிப்பவர்கள் பெருமையாகக் காட்டும் உதாரணம் லண்டன் சிட்டி. பிரிட்டனின் மற்ற ஊர்களில் வணிக ஓட்டு 1969-இல் ஒழிந்தது. லண்டனின் நடுவிலுள்ள அந்த ஒரு சதுர மைலில் மட்டும் நீடிக்கிறது. 2002-ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரிவாக்கியது. கணக்கு இப்படி: ஒன்பது பேர்வரை வேலை செய்யும் நிறுவனத்துக்கு ஒரு வாக்காளர். ஐம்பது பேர்வரை ஐந்து பேருக்கு ஒருவர். ஐம்பதுக்கு மேல் பத்து வாக்காளர், கூடுதல் ஐம்பது பேருக்கு ஒருவர் வீதம். நிறுவனம் ஆளை நியமிக்கும். நியமிக்கப்பட்டவர் ரகசியமாகத் தம் விருப்பப்படி ஓட்டுப் போடுவார். கம்பெனி, சங்கம், தேவாலயம் எல்லாம் இதற்குள் வரும். தனி வணிகருக்கும் பங்காளிக்கும் நேரடியாகவே ஓட்டு உண்டு.

அங்கே இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் குடியிருப்பவர்கள் ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. பகலில் வேலைக்கு வருவோர் ஆறு லட்சத்துக்கும் மேல். இரவில் ஊரே காலி. தோட்டப்புற ஊரில் வேலை செய்பவர்தான் குடியிருப்பவரும். லயத்திலும் தாமானிலும் இருப்பவர்கள் ஏற்கெனவே ஒரு தடவை எண்ணப்பட்டவர்கள். கம்பெனி கணக்கில் அவர்களை இரண்டாவது தடவை எண்ணுகிறோம்.

நம் தோட்டத்தின் 320 பேருக்கு லண்டன் கணக்கைப் போடுங்கள். முதல் ஐம்பதுக்குப் பத்து, மிச்சம் 270-க்கு ஐந்து, ஆக 15 வாக்காளர். அந்தப் பதினைந்தில் ஏறக்குறைய பன்னிரண்டு வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டு வந்த எண்ணிக்கை. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்து குலை வெட்டுபவருக்கு ஓட்டு இல்லை. அவருடைய தலையை எண்ணி முதலாளிக்கு ஓட்டு. இதைவிடக் கோணலான விதியை எழுதுவது சிரமம்.

இதில் இன்னொரு பள்ளமும் உண்டு. லண்டன் சூத்திரம் பெரிய வங்கிகள் சின்ன நிறுவனங்களை அமுக்கிவிடக் கூடாது என்று, ஆள் கூடக்கூட ஓட்டைக் குறைக்கிறது. நல்ல எண்ணம்தான். அதனாலேயே உடைத்தால் லாபம். அதே 320 பேரை ஆறு கம்பெனிக்கும் ஏறக்குறைய 53 பேராகப் பிரித்தால், ஒவ்வொன்றுக்கும் பத்து, மொத்தம் 60. பதினைந்து அறுபதாகிறது, ஒரு புது மரம்கூட நடாமல். தோட்டத்தில் ஆட்களை ஒப்பந்தக்காரர் பெயருக்கு மாற்றுவது எவ்வளவு சுலபம் என்பது ஆட்களைக் கண்காணிக்கும் தண்டலைக் கேட்டால் தெரியும். உரம் போட ஒருவர், புல்லுக்கு மருந்தடிக்க ஒருவர், குலை வெட்ட ஒருவர் என்று ஏற்கெனவே பிரிந்துதான் இருக்கிறது.

கடைத்தெருவுக்கு 70 கடையில் கடைக்கு ஒன்று என 70 ஓட்டு. கடைக்காரருக்கு இது கம்பெனிக்கு ஒன்று என்ற முறையைவிட மேல்தான், எண்டர்பிரைஸும் உள்ளே வருவதால். ஆனால் அந்த எழுபதும் எழுபது விதமாகப் பிரியும். தோட்டத்தின் அறுபது ஒரே பக்கம் விழும். ரகசிய ஓட்டு என்பது லண்டனில் வேலையை விட்டால் அடுத்த தெருவில் வேலை கிடைக்கும் ஆளுக்குப் பாதுகாப்பு. நிர்வாகம் யாரை நியமிக்கும்? கிராணியை (எழுத்தர்), மண்டோரை (மேற்பார்வையாளர்), அலுவலக ஊழியரை. அவர்களுக்கு வேலை போனால் வீடும் போகும். நியமிக்கும்போதே ஓட்டு எந்தப் பக்கம் என்று தெரிந்துதான் நியமிப்பார்கள்.

நிலத்தின்படி, வரியின்படி

கலிபோர்னியாவில் துலாரே ஏரிப் படுகையில் ஒரு நீர்ச் சேமிப்பு வட்டாரம். பரப்பு ஏறத்தாழ 1,93,000 ஏக்கர், எல்லாம் விவசாய நிலம். அங்கே இயக்குநர் தேர்தலில் நிலத்தின் மதிப்பில் 100 டாலருக்கு ஓர் ஓட்டு. நிலம் இல்லாதவருக்கு ஓட்டு இல்லை; கம்பெனிக்கு உண்டு. நான்கு கம்பெனிகள் நிலத்தில் ஏறக்குறைய 85 விழுக்காட்டில் விவசாயம் செய்தன. பாஸ்வெல் என்ற ஒரு கம்பெனிக்கு மட்டும் 37,825 ஓட்டு. இயக்குநர் குழுவில் பெரும்பான்மையை அதுவே தேர்ந்தெடுக்கப் போதும். வட்டாரத்தில் குடியிருந்தவர்கள் குழந்தைகளையும் சேர்த்து 77 பேர்.

1969-இல் பெருவெள்ளம் வந்தது. தண்ணீரைப் பக்கத்திலுள்ள புயனா விஸ்டா ஏரிப் படுகைக்குத் திருப்பிவிடும் தீர்மானத்தை இயக்குநர் குழு ஆறுக்கு நான்கு என்ற கணக்கில் ஒத்திவைத்தது. திருப்பியிருந்தால் நனைந்திருப்பது பாஸ்வெல் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டிருந்த நிலம். துலாரே படுகையில் 88,000 ஏக்கர் மூழ்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1973-இல் பெரும்பான்மை நீதிபதிகள், இது தண்ணீர் மட்டும் பார்க்கும் தனிநோக்க அமைப்பு, ஊராட்சி அல்ல, அதனால் நில ஓட்டு செல்லும் என்றார்கள். வெள்ளத்தின் கதை எழுதப்பட்டிருப்பது மாறுபட்ட தீர்ப்பில். அந்தத் தீர்ப்பை நில ஓட்டுக்கு ஆதரவாகக் காட்டுபவரிடம் ஒன்று கேட்கலாம்: குப்பை, சந்தை, உரிமம், சாக்கடை, மைதானம் எல்லாம் பார்க்கும் நகராண்மைக் கழகம் எந்தக் கணக்கில் தனிநோக்க அமைப்பு?

நம் வட்டாரத்தின் கணக்கு இதோ. 22-க்கு 75 அடி மனையில் ஒரு தெரஸ் வீடு 1,650 சதுர அடி. ஓர் ஏக்கருக்கு 26 வீடு. 1,500 ஹெக்டர் என்பது சுமார் 3,700 ஏக்கர். பரப்பளவுப்படி தோட்டம் 96,000 வீட்டுக்குச் சமம். மதிப்புப்படி எண்ணினால் இந்த இடைவெளி குறையும். ஆனால் எந்தத் தனி வீட்டுக்காரரும் தோட்டத்தின் பக்கத்தில்கூட வர முடியாது.

வரி கட்டியதற்கு ஏற்ப ஓட்டு என்பதும் இதே பாதைதான். சட்டம் 171 மதிப்பீட்டு வரிக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு, அல்லது மேம்படுத்திய மதிப்பில் 5 விழுக்காடு. ரசீது போவது சொந்தக்காரர் பெயருக்கு. கடையை வாடகைக்கு எடுத்தவர் வாடகைக்குள் அந்த வரியையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். ரசீதில் அவர் பெயர் இருக்காது. லயத்தில் இருப்பவரும் அப்படியே. வரி ரசீதைக் காட்டினால் ஓட்டு என்று வைத்தால் உழைத்துக் கட்டுபவர் வெளியே, பத்திரம் வைத்திருப்பவர் உள்ளே.

இந்த முறை உள்நாட்டிலேயே எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால் அடுக்குமாடிப் பொதுக்கூட்டத்துக்குப் போகலாம். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தில் கம்பெனியும் உரிமையாளராகப் பிரதிநிதி அனுப்பி ஓட்டுப் போடலாம். கைதூக்கினால் ஒரு வீட்டுக்கு ஒன்று. யாராவது முறைப்படி வாக்கெடுப்புக் கேட்டால் பங்கு அலகுக்கு ஏற்ப. தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்குக் கொடுத்த மலிவு அடுக்குமாடிகளில், விற்காத வீடுகளை இன்னும் வைத்திருக்கும் மேம்பாட்டாளரின் பிரதிநிதி 'வாக்கெடுப்பு' என்று கேட்கும் அந்த நிமிடத்தில் நிலம்வாரி ஓட்டு என்றால் என்னவென்று புரிந்துவிடும். பராமரிப்புக் கட்டணப் பாக்கி உள்ளவர் கூட்டத்துக்கு ஏழு நாளுக்கு முன்பு கட்டித் தீர்க்காவிட்டால் ஓட்டு இல்லை என்பதும் அதே சட்டம்.

நிலத்தைச் சேர்த்தும் ஓட்டைத் தலைக்கு ஒன்றாகவே வைத்த அமைப்பும் நம்மிடம் உண்டு. 1960-இல் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர் துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். கூட்டுறவுச் சட்டத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. அந்தச் சங்கமும் சட்டப்படி தனி ஆள்தான், ஆயிரக்கணக்கான ஏக்கருக்குச் சொந்தக்காரர்தான். நில ஓட்டு வந்தால் அதற்கும் ஓட்டு வருமே என்று சிலர் கேட்கலாம். வரும், அதைவிடப் பல மடங்கு மற்றப் பெருந்தோட்டங்களுக்கும் வரும்.

ஓட்டு இல்லாமல் குரல்

வணிகத்துக்கு எந்த வாயும் இல்லை என்பது சரியல்ல. சட்டம் 171-இன் 10-ஆம் பிரிவு, எட்டிலிருந்து இருபத்து நான்கு உறுப்பினர்வரை நியமிக்கச் சொல்கிறது. பெரும்பாலோர் அந்த ஊரில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். தொழில், வணிகத் துறைகளில் சிறந்தவர்களும் சமூகங்களைப் பிரதிநிதிக்கக் கூடியவர்களும் அதில் அடங்குவர். மதிப்பீட்டுப் பட்டியல் மாறும்போது 42 நாள் முன்னறிவிப்பு உண்டு; மறுபரிசீலனைத் தேதிக்கு 14 நாளுக்கு முன் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம்; அதிலும் திருப்தி இல்லையென்றால் உயர் நீதிமன்றம். கம்பெனி, கடை, வீடு யாருக்கும் இந்த வழி ஒன்றே.

இங்கேயும் குறை இருப்பது கீழ்ப்பக்கத்தில்தான். நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில், வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில் யாராவது மேம்பாட்டு அனுமதி கேட்டால், பக்கத்து நிலத்தின் உரிமையாளர்களுக்கு அறிவிப்புப் போகும். ஆட்சேபிக்க 21 நாள். தோட்டத்துக்கு நடுவில் ஆலைக் கழிவுக் குளம் விரிவாக்கினால் பக்கத்து நிலமும் அதே தோட்டம். அறிவிப்பு கம்பெனியிடமிருந்து கம்பெனிக்கே போகும். இருநூறு அடி தள்ளி லயத்தில் இருப்பவர் நிலத்தின் உரிமையாளர் இல்லை. அவருக்குக் கடிதம் வராது. தோட்டத்துச் சாலை தனியார் சாலை என்பதால் குழி விழுந்தாலும் நகராண்மைக் கழகம் கை வைக்காது. வீட்டு வசதிக்கும் தண்ணீருக்கும் பொறுப்பு 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளியுடையது. ஊராட்சியின் எல்லைக்குள் குடியிருந்தும் ஊராட்சியைத் தொட முடியாத நிலை இதுதான்.

மனுவில் எழுத வேண்டியது

எங்கள் தேர்வு தெளிவானது: குடியிருக்கும் குடிமக்களுக்குத் தலைக்கு ஓர் ஓட்டு, கம்பெனிக்கு எந்த வடிவிலும் இல்லை. கடைத்தெரு சங்கம் சேர்ந்து கையெழுத்திட வேண்டுமானால், ஒண்டாரியோ மாதிரி 'கடை நடத்தும் வெளியூர் மனிதருக்கு ஓர் ஓட்டு' என்பதை இணைப்பாக வைக்கலாம், வாடகைக்காரரையும் சேர்த்து. ஒன்றைக் கைவிடத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் இந்த இணைப்பை விடலாம். ஈப்போ முதலாளிக்கு ஈப்போவில் ஓட்டு இருக்கும்.

'வரி செலுத்துவோர்' என்ற சொல்லை வாக்காளருக்கான வரையறையில் எங்கும் வைக்காதீர்கள். ஆங்கில, மலாய் வரைவுகளில் பழைய சட்டங்களைப் பார்த்து எழுதும்போது அது தானாக நுழையும். 'குடியிருப்பவர்' என்பதற்கான விளக்கத்தில் முதலாளி கொடுத்த வீடும் லயமும் அடங்கும் என்று வெளிப்படையாக எழுதுங்கள்; இல்லாவிட்டால் வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ காட்டச் சொல்வார்கள், லயத்தில் இருப்பவரிடம் இரண்டுமே இருக்காது. கூடவே, தோட்ட அனுமதி விண்ணப்பங்களில் அறிவிப்பு நில உரிமையாளருக்கு மட்டுமன்றி, குறிப்பிட்ட தூரத்துக்குள் குடியிருப்பவருக்கும் போக வேண்டும் என்று கேளுங்கள். இதற்குத் தேர்தல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிவப்பு அட்டைக்காரர் விஷயத்தைத் தனி மனுவாக எழுதுவது நல்லது; அது குடியுரிமைப் பிரச்சினை, ஊராட்சிச் சட்டத்தால் தீராது.

கையெழுத்து வாங்கப் போகும்போதே பார்த்துவிட வேண்டிய வேலை ஒன்று உண்டு. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறார். முகவரி மைக்கார்டில் இருப்பதுதான். லயத்தை இடித்தபின் தாமானுக்கு வந்தவர்கள் பலர் அட்டையில் இன்னும் பழைய தோட்டத்தின் பெயரே இருக்கும். அந்தத் தோட்டம் வேறு வட்டாரத்தில் இருந்தால், இங்கே அவர்கள் இல்லாத கணக்குதான். வீடு மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்ற வேண்டும். கையெழுத்துப் படிவத்தில் பெயர், அட்டை எண் பக்கத்தில் 'அட்டையில் உள்ள முகவரி', 'இப்போது குடியிருக்கும் முகவரி' என்று இரண்டு கட்டம் போடுங்கள். இரண்டும் வேறாக இருப்பவர்களைத் தனியாகப் பிரித்து, ஒரு வேன் பிடித்துப் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போகலாம்.